கண்மாய்க் கரையை அளந்து எழுதினேன், பதிவைத் தூக்கச் சொல்கிறார்கள்

ஜெராக்ஸ்கடைக்காரன் (மேலூர் பக்கம்):
அண்ணன்மார்களே, ஒரு குழப்பம். ஆறு வருஷமா வலைப்பூ எழுதுறேன். மஞ்சுவிரட்டு, பால்குடம், பழைய கல்வெட்டுன்னு ஓடிக்கிட்டிருந்தது. போன மாசம் எங்க கண்மாய்ல மராமத்து முடிஞ்சதுன்னு பலகை வச்சாங்க. கரை பலப்படுத்துதல் 640 மீட்டர், மடை மறுகட்டுமானம் 2. நானும் அக்கா மகனும் 30 மீட்டர் டேப்போட போனோம். புது மண் 410 மீட்டரோட நின்னுபோச்சு. மேல மடை சரி. கீழ மடையில பழைய கல்லு மேல சிமெண்ட் பூச்சு மட்டும். சாவியால கீறினேன், திருநீறு மாதிரி உதிருது.

14 படத்தோட "கண்மாயை முழுங்கிய கூட்டம்"னு தலைப்புப் போட்டேன். எப்பவும் 50 பேர் படிக்கிறது, வாட்ஸ்அப்ல சுத்தி ஊரே படிச்சிருச்சு. நேத்து ஒப்பந்தக்காரர் ஆள் கடைக்கு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, "நீ என்ன பத்திரிகைக்காரனா? எடுத்துரு தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் உறுத்துது. அப்பாவும் எடுத்துருங்கிறார். நான் செஞ்சது செய்தியா, ஊர்வம்பா?

பழையநிருபர்:
எடுக்காதீங்க தம்பி. ஆனா திருத்துங்க. 11 வருஷம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபரா இருந்தேன். இந்த மாதிரிச் செய்தி எங்க பேப்பர்ல வராது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுக்கிறதே ஒப்பந்தக்காரங்கதான், அதைப் பிடிச்சுக் கொடுக்கிறதும் நான்தான். டேப்போட கண்மாய்க்குப் போன நிருபர் எனக்குத் தெரிஞ்சு எவனும் இல்ல, நான் உள்பட.

ஒண்ணு மட்டும் அங்க கத்துக்கிட்டேன். செய்தி எழுதி அனுப்பினா ஆபீஸ்ல எடிட்டிங் டெஸ்க்ல முதல்ல கேட்கிறது, "எதிர்த்தரப்பு என்ன சொல்லுது?" உங்க பதிவைப் படிச்சேன். பொறியாளர்கிட்ட கேட்டமாதிரி ஒரு வரி இல்ல. அந்த ஒரு போன்தான் பாக்கி.

கருப்புக்கோட்டு:
முதலில் தலைப்பை மாற்றுங்கள். 410 மீட்டர் நீங்கள் பார்த்தது. "முழுங்கிய" நீங்கள் ஊகித்தது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. உண்மையைச் சொன்னேன் என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். கண்மாய் விஷயத்தில் அது சிரமமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ-யில் உள்ளே போடுவோம் என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள், உச்ச நீதிமன்றம் 2015-லேயே அதை ரத்து செய்துவிட்டது.

தகவல் உரிமைச் சட்டத்தில் எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கேளுங்கள். எத்தனை மீட்டர் அளந்து பில் போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிலுக்கு 30 நாள். அதே சட்டம் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. இனி சாவியால் கீற வேண்டாம்!

வேளச்சேரிவாசி:
2015 டிசம்பர் வெள்ளத்துல மொட்டைமாடியில உட்கார்ந்து பதிவு போட்டேன். எந்தத் தெருவுல இடுப்பளவு, எங்க படகு வருதுன்னு நல்லாத்தான் எழுதினேன். நடுவுல, பண்ணையிலிருந்து முதலைங்க தப்பிருச்சுன்னு வந்ததையும் சேர்த்துப் போட்டுட்டேன். புரளி. பண்ணையே மறுத்தது. அதுக்கப்புறம் "தண்ணி வடியுது"ன்னு எழுதினாக்கூட "முதலை இருக்கா?"ன்னுதான் கேட்டாங்க.

படங்களோட அசல் போன்லயே இருக்கட்டும். வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா எடுத்த நாள், இட விவரமெல்லாம் போயிரும்.

ஜெராக்ஸ்கடைக்காரன்:
பொறியாளர் மூணாவது தடவைதான் போனை எடுத்தார். "மிச்சம் தார்ரோட்டுக்கு அந்தப்பக்கம், வரத்துக்கால் கரையில போட்டிருக்கு, போய்ப் பாருங்க"ன்னார். சீமைக்கருவேல முள்ளுக்குள்ள புகுந்து அளந்தா 130 மீட்டர் இருக்கு. ஆக 540. என் கணக்கும் தப்பு, பலகையிலயும் 100 மீட்டர் உதைக்குது. தலைப்பு இப்ப "பலகையில் 640, டேப்பில் 540". பழைய கணக்கை அழிக்கல, குறுக்கே கோடு போட்டு விட்டிருக்கேன். கீழ மடைக்கு அவர் பதில் சொல்லல, சொல்லலைன்னே எழுதிட்டேன். மனுவும் தபால்ல போயாச்சு.

இன்னைக்குக் காலையில அதே ஆள் கடைக்கு வந்தார். புதுப் பதிவைப் பிரிண்ட் கேட்டார். 4 பக்கம். இந்தத் தடவை டீ இல்ல, காசு கொடுத்துட்டுப் போனார்.