புதுப்பிப்பு: பெர்லினில் எங்கே வாங்கலாம்?

காய்கறிக்கும் குளிர்கால கோட்டுக்கும் பெர்லினில் எங்கே போகலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன இடங்களுக்குப் போய் வந்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி!

மனசுக்குப் பிடித்தது மைபாஹூஃபர் துருக்கிச் சந்தைதான். லாண்ட்வேர் கால்வாய்க் கரையோரம், செவ்வாயும் வெள்ளியும் கூடுகிறது. கொத்தமல்லி கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. சந்தை முடியும் நேரத்தில் கூவிக் கூவி விலையைக் குறைக்கிறார்கள், மாலையில் போங்கள். கையில் சில்லறை இருக்கட்டும்.

பாகற்காய், வெண்டைக்காய், பெரிய அரிசி மூட்டை என்றால் லிஷ்டன்பெர்க்கில் உள்ள டோங் சுவான் சென்டர். வியட்நாமியர்களின் மொத்த வியாபாரக் கூடங்கள், சில்லறையாகவும் தருகிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கோட்டு, ஃப்ராங்ஃபுர்ட்டர் டோர் பக்கம் உள்ள ஹுமானாவில் கிடைத்தது. பல மாடி பழைய துணிக்கடை. புதுக் கோட்டுக்குக் காசைக் கொட்டும் முன் இங்கே ஒருமுறை ஏறி இறங்குங்கள், மாணவர்கள் கட்டாயம்.

1907-இல் திறந்த காடேவே என்ற பெரிய பல்பொருள் அங்காடி? ஆறாம் மாடி உணவுப் பிரிவைச் சுற்றிப் பார்க்கலாம், மாதச் சாமானுக்கு ஆகாது.

புதிதாக வருகிறவர்களுக்கு: ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அவசரமென்றால் மத்திய ரயில் நிலையத்துக்குள் உள்ள சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். கறிவேப்பிலை வாடாமல் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.