புதுப்பிப்பு: ஆக்சிலரேட்டரை மிதித்தால் எழுந்த ஊளைச் சத்தத்தின் காரணம் தெரிந்துவிட்டது

வேகமெடுக்கும்போது என் டீசல் காரில் எழும் மெல்லிய ஊளைச் சத்தத்தைப் பற்றி முன்பு எழுதி, கியர்பாக்ஸ் பேரிங்கே (தண்டு உராய்வின்றிச் சுழல உதவும் பாகம்) காரணமாக இருக்கக்கூடும் என்று ஐயுற்றிருந்தேன். அந்த ஐயம் தவறு.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை மட்டும் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை உயர்த்தியபோதும் அதே சத்தம் வந்தது. கியர்பாக்ஸை இன்ஜினிலிருந்து பிரிக்கும் கிளட்சை மிதித்தபோதும் அது மாறவில்லை. எனவே சத்தம் சக்கரங்களின் வேகத்தைப் பின்பற்றாமல் இன்ஜினின் சுழற்சியையே பின்பற்றுகிறது என்பது உறுதியானது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடுத்து, ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி), ஏசி கம்ப்ரசர் ஆகியவற்றைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினோம். சத்தம் முற்றிலும் நின்றது. (பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும் என்பதால், அப்படி நெடுநேரம் ஓட்டினால் இன்ஜின் சூடேறிவிடும்.) பின்னர் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்த்ததில், ஆல்டர்னேட்டர் தடையின்றிச் சுழன்றது, பெல்ட்டை வழிநடத்த மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியோ மணல் அரைபடுவதுபோல் கரகரத்ததோடு சற்றே ஆட்டமும் கண்டிருந்தது. உள்ளேயிருந்த பேரிங்கின் கிரீஸ் வறண்டு போயிருந்தது.

பேரிங்கை மட்டும் மாற்றலாம் என்று மெக்கானிக் சொன்னார். நான் புல்லியையே மாற்றி, ஓரம் வெடித்திருந்த பெல்ட்டையும் புதிதாகப் போடச் சொன்னேன். அதன்பின் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். டயர் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.