ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரே எழுத்து, வேறு பொருள்: திருத்தும்போது எப்படிப் பிடிப்பது?

மெய்ப்பு (கேள்வி)
ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்த கோப்புகளைத் திருத்தும் வேலை. எழுத்து மாறாமல் இரண்டு மொழியிலும் வரும் சொற்கள்தான் தொல்லை. ஆர்-இ-டி ஆங்கிலத்தில் சிவப்பு, ஸ்பானிஷில் வலை. பி-ஐ-இ அங்கே 'பியே', அதாவது பாதம். மொழிபெயர்க்காமல் விட்டுப்போனாலும் ஸ்பெல்செக் கண்டுகொள்வதில்லை. முழுப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா?

வேர்ச்சொல்
பட்டியலுக்கு முன்னால் ஒன்று. இந்தச் சொற்கள் இரண்டு வகை; ஒரு வகைக்குத்தான் பயப்பட வேண்டும்.

முதல் வகை தற்செயல் இரட்டையர். ஸ்பானிஷ் 'ரெட்' லத்தீன் 'ரேட்டே'யிலிருந்து வந்தது. ஆங்கிலச் சிவப்பு ஜெர்மானியச் சொல். இரண்டுக்கும் உறவே இல்லை. எஸ்-ஐ-என் (ஆங்கிலத்தில் பாவம், ஸ்பானிஷில் 'இல்லாமல்'), ஓ-என்-சி-இ (ஒருமுறை / பதினொன்று), எஸ்-ஓ-என் (மகன் / 'இருக்கிறார்கள்') எல்லாம் எழுத்தில் தற்செயலாக ஒத்துப்போனவைதான். "கோமெ பான் சின் சால்" என்றால் 'உப்பில்லாத ரொட்டி சாப்பிடுகிறார்'. முதல் மூன்று சொற்களும் எழுத்தளவில் நல்ல ஆங்கிலம், ஆனால் வாக்கியம் உளறலாகிவிடும். படிப்பவர் கண்ணில் உடனே படும்.

இரண்டாம் வகை ஒரே லத்தீன் வேரில் கிளைத்துப் பொருள் விலகியவை. தமிழில் சிட்சை தண்டனை, இந்தியில் சிக்ஷா கல்வி, அதே கதை. ஆங்கில 'ஆக்சுவல்' எழுத்திலேயே இருக்கும் ஸ்பானிஷ் 'அக்துவால்' என்றால் 'தற்போதைய'. "இப்போதைய இயக்குநர்" என்பதை எழுத்து மாற்றாமல் ஆங்கிலத்தில் வைத்தால் "உண்மையான இயக்குநர்" ஆகிவிடும். வாக்கியம் இலக்கணப்படி சரி, யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் ஆபத்து. 'சென்சீப்ளே'வும் (ஆங்கிலத்தில் 'சென்சிபிள்') அப்படியே: ஸ்பானிஷில் எளிதில் பாதிக்கப்படுகிற, ஆங்கிலத்தில் விவேகமான. சருமத்துக்கான களிம்பு உறையில் 'பியெல் சென்சீப்ளே' என்றிருந்தால் விவேகமுள்ள தோல் அல்ல!

கோப்புத்தேடி
விடுபட்ட சொற்களுக்கு: ஆங்கிலக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள், ஆனால் 'முழுச்சொல் மட்டும்' என்ற தேர்வைப் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எஸ்-ஐ-என் தேடும்போது 'சின்ஸ்', 'சிங்கிள்', 'யூஸிங்' எல்லாம் வந்து குவியும். ஆர்-இ-டி தேடினால் 'ஹண்ட்ரட்' வரும்.

இரண்டாம் வகைக்குத் தேடலை மூலத்தில் நடத்த வேண்டும். ஸ்பானிஷ் கோப்பில் 'அக்துவால்', 'சென்சீப்ளே', 'மயோர்' (மூத்த, முதன்மையான; ஆங்கிலத்தில் அதே எழுத்து மேயர்) வரும் இடங்களைக் குறித்து, நேர் வரியை ஆங்கிலத்தில் ஒப்பிடுங்கள். பன்மை வடிவங்களையும் தனியாகத் தேடவும். முழுச்சொல் தேடலில் அவை நழுவும்.

மயோர்11
'மயோர்' பற்றி: அண்ணன் 'எர்மானோ மயோர்', நகர மேயர் 'அல்கால்தே'. மாட்ரிட்டின் 'பிளாசா மயோர்' முதன்மைச் சதுக்கம்தான், மேயர் சதுக்கம் இல்லை.

இரண்டு வகை என்று பிரித்தது சரி, ஆனால் ஆர்-இ-ஏ-எல் அதற்குள் அடங்காது. ஸ்பானிஷில் அதுவே இரண்டு சொல். ஒன்று 'அரச' (லத்தீன் 'ரெகாலிஸ்'), மற்றது 'உண்மையான' ('ரெயாலிஸ்'). 'ஃபமீலியா ரெயால்' அரச குடும்பம், 'இஸ்தோரியா ரெயால்' உண்மைக் கதை. ரெயால் மாட்ரிட் கால்பந்துக் கழகத்தின் பெயரில் இருப்பது முதலாவது. 1920-ல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ கொடுத்த பட்டம். இதற்குப் பட்டியல் உதவாது, பக்கத்துச் சொல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஓ-என்-சி-இ எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால் பதினொன்று என்று மாற்றிவிடாதீர்கள். அது ஸ்பெயினின் பார்வையற்றோர் அமைப்பு, 1938-ல் தொடங்கியது. சிலே நாட்டு உரையில் அதே சொல் மாலைச் சிற்றுண்டியாகவும் இருக்கலாம்.

மெய்ப்பு
நன்றி. தொகைகளில் வரும் 'பில்லியோன்' இந்தக் கணக்கில் சேருமா?

வேர்ச்சொல்
ஸ்பானிஷில் ஓ மேல் அழுத்தக்குறி உண்டு, அதனால் எழுத்து அச்சாக ஒன்றில்லை. ஆனால் இழப்பு இதில்தான் பெரிது. ஆங்கில பில்லியன் 100 கோடி, ஸ்பானிஷ் பில்லியோன் ஒரு லட்சம் கோடி: ஆயிரம் மடங்கு. ஆங்கில பில்லியனை ஸ்பானிஷில் 'மில் மில்லியோனெஸ்' என்பார்கள். அமெரிக்காவில் எழுதப்படும் ஸ்பானிஷில் ஆங்கிலக் கணக்கும் புழங்குவதால், தொகை வந்தால் பூஜ்ஜியங்களை மூல அட்டவணையில் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.