பிரான்சின் சிற்றூரில் ஆங்கில உதவியாசிரியராக ஏழு மாதம்: போய் வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

புதுவை_மாணவி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு முதுகலை முடித்திருக்கிறேன். பிரான்சின் அரசுப் பள்ளிகளில் ஆங்கில உரையாடல் உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். சென்ற வாரம் தேர்வுக் கடிதம் வந்தது. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, வாரத்துக்கு 12 மணி நேரம். கிளெர்மோன்-ஃபெரான் கல்வி வட்டாரத்தில், லெ புய்-ஆன்-வெலே என்னும் மலையூரிலுள்ள ஒரு லிசேயில், அதாவது நம் மேல்நிலை வகுப்புகளை ஒத்த பள்ளியில், இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பாரிஸ், லியோன் போன்ற நகரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கிறது. கையில் வரும் ஏறக்குறைய 800 யூரோவில் வாடகையும் கொடுத்து, விடுமுறைகளில் நாலு ஊர் பார்க்கவும் முடியுமா? நான் சைவ உணவு மட்டுமே உண்பவள். எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது ஒன்று: ஆங்கிலேயரையோ அமெரிக்கரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் மாணவர்கள், இந்திய உச்சரிப்போடு பேசும் என்னை ஆங்கிலம் சொல்லித்தர வந்தவளாக ஏற்றுக்கொள்வார்களா?

வெலே_நினைவுகள்

வாழ்த்துகள். நான் அதே ஊரில் ஏழு மாதம் இருந்தவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்களை உறுத்தும் கேள்வி. உதவியாளரின் வேலை இலக்கணம் நடத்துவதில்லை. ஆசிரியர் வகுப்பைப் பாதியாகப் பிரித்து, எட்டுப் பத்துப் பேரை உங்களிடம் அனுப்புவார், அவர்களைப் பேசவைக்க வேண்டும். பிரெஞ்சு மாணவர்களுக்கு 'ஹ' ஒலி எளிதில் வராது. ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு ஒரு பையன் 'ஐ ஆம் ஆங்கிரி' என்றான். யார் மீது கோபம் என்று நான் கேட்கப் போக, அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். பசிக்கிறது என்பதைத்தான் சொல்லியிருக்கிறான்! மறுவாரம் ஆளுக்கொரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டு சொற்களையும் சொல்லச் சொன்னேன். 'ஹங்கிரி' என்று சரியாகச் சொன்னால் காகிதம் அசையும், 'ஆங்கிரி' என்றால் அசையாது. அந்தப் பையனின் காகிதம் நான்காவது முறைதான் அசைந்தது, வகுப்பே கைதட்டியது. என் பக்கமும் குறை இருந்தது. 'வி', 'டபிள்யூ' இரண்டையும் நான் ஒரே மாதிரி ஒலிக்கிறேன் என்று அங்கிருந்த ஆங்கில ஆசிரியை கனிவாக எடுத்துச் சொன்னார், பழகித் திருத்திக்கொண்டேன். ஏழு மாதத்தில் என் உச்சரிப்பைக் காரணம் காட்டி யாரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை.

2019இல் வந்த லிசே பாடத்திட்டத்தில் 'நிலமும் நினைவும்' என்றொரு பொருள் இருந்தது. புதுச்சேரித் தெருப்பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும் படங்கள் நாலைந்தும், கடற்கரைச் சாலையிலுள்ள முதல் உலகப்போர் நினைவுச் சின்னத்தின் படமும் எடுத்துச் செல்லுங்கள். 1954 நவம்பர் 1 வரை அந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பது என் மாணவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. அந்த ஒரு செய்தியிலிருந்து மூன்று வாரம் பேசினோம்.

ஊரைப் பற்றி ஏமாற்றமே வேண்டாம். எரிமலைப் பாறை ஒன்றின் உச்சியில், 268 படி ஏறிப் போனால், புனித மிக்கேல் சிற்றாலயம் இருக்கிறது. இன்னொரு பாறையில் நிற்கும் சிவப்பு நிற மாதா சிலையை, கிரிமியப் போரின்போது செவஸ்தபோலில் கைப்பற்றிய 213 பீரங்கிகளை உருக்கி வார்த்து 1860இல் நிறுவினார்கள். ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் பேராலயத்தில் காலை 7 மணித் திருப்பலி முடித்துப் படியிறங்குவதை, இலையுதிர்காலத்தில் நான் பள்ளிக்குப் போகும் வழியில் பார்ப்பேன். என் வாடகை பாரிசில் இருந்தவர்கள் கொடுத்ததில் பாதிகூட இல்லை. தனிமை இருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்: ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடும், நவம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஊர்ப் பாடகர் குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்கு அந்த ஊர் ஊராயிற்று.

வடக்கு_எல்லை

நான் வட பிரான்சின் லில் வட்டாரத்தில் பணியாற்றினேன். முன்னவர் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: உங்கள் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அங்கே அது இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகளில் எல்லா இடத்திலும் எழுதுங்கள். நான் ஊர்ப் பழக்கத்தில் வங்கிப் படிவத்தில் தலைப்பெழுத்து மட்டும் போட்டுவிட்டேன். பணி ஒப்பந்தத்தில் முழுப்பெயர், வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து; இரண்டும் ஒத்துவராததால் அக்டோபர் சம்பளம் நவம்பர் இறுதியில்தான் கைக்கு வந்தது. ஆகவே இரண்டு மாதச் செலவுக்கான பணத்தோடு கிளம்புங்கள்.

வீட்டுக்குப் பிணை நிற்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். 'விசால்' என்னும் திட்டம், 30 வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டணமில்லாமல் அந்தப் பிணையைத் தருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இணையத்தில் பெற்றுவிட வேண்டும். அரசு தரும் வாடகை உதவித்தொகையை நீங்கள் குடியேறிய மாதத்துக்குத் தர மாட்டார்கள், அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கு. எனவே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையவழி உறுதிசெய்யவும் மறக்கக் கூடாது.

பயணத்துக்கு 800 யூரோ போதும். ஏறக்குறைய ஆறேழு வாரப் பள்ளி, இரண்டு வார விடுமுறை என்றுதான் ஆண்டு ஓடும். 27 வயது வரை உள்ளவர்களுக்கான ரயில் சலுகை அட்டை ஆண்டுக்கு 49 யூரோ, 30 விழுக்காடு தள்ளுபடி. முதல் இரண்டு பயணத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும். ஜெனீவா, டூரின், பார்சிலோனா எல்லாம் இந்த விசாவிலேயே போய்வரலாம். லண்டனுக்குத் தனி விசா வேண்டும்.

பாரிஸ்_யாழ்ப்பாணத்தான்

தங்கச்சி, சாப்பாட்டை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 2018ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் பள்ளிக்கூட உணவகங்களில் கிழமைக்கு ஒரு நாளாவது மரக்கறிச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மற்ற நாட்களுக்கு நீங்கள்தான் சமைக்க வேண்டி வரும். நீங்கள் போகும் ஊரின் பச்சைப் பருப்பு பிரான்ஸ் முழுக்கப் பேர் போனது, ஆனால் அது எவ்வளவு அவித்தாலும் கரையாது; கறிக்கும் கூட்டுக்கும் நன்றாக இருக்கும். சாம்பாருக்கு 'கொராய்' என்று எழுதியிருக்கும் செம்மஞ்சள் பருப்பை வாங்குங்கள், கால் மணித்தியாலத்தில் மசிந்துவிடும்; அது நம்முடைய மைசூர்ப் பருப்புத்தான். விடுமுறைக்குப் பாரிஸ் வந்தால், கார் து லியோன் ரயில் நிலையத்தில் இறங்கி, RER D என்னும் புறநகர் ரயிலில் ஏறினால் இரண்டாவது தரிப்பு கார் து நோர். அங்கிருந்து லாச்சப்பல் என்னும் தமிழ்க் கடைத்தெருவுக்குச் சிறிது தூரம் நடந்தால் போதும். கறிவேப்பிலை முதல் இடியப்ப மா வரை எல்லாம் கிடைக்கும். பிள்ளையார் கோவில் தேர் கோடை முடிவில் நடப்பதால் நீங்கள் வரும்போது முடிந்திருக்கும், கோவில் திறந்துதான் இருக்கும்.

வெலே_நினைவுகள்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. டிசம்பர் 8 அன்று லியோன் போய்விடுங்கள், சேந்தெத்தியேனில் ரயில் மாற வேண்டும். 1852 முதல் அந்த இரவில் மாதாவுக்காகச் சன்னல் விளிம்புகளில் சிறு மெழுகு விளக்குகள் ஏற்றி வைக்கிறார்கள். நான் போன ஆண்டில் நம் கார்த்திகைத் தீபமும் அதையொட்டியே வந்தது. சோன் ஆற்றங்கரையில் வரிசை வரிசையாக எரிந்த விளக்குகளைப் பார்த்தபோது அம்மாவுக்குத் தொலைபேசி செய்தேன். அங்கே விளக்கெல்லாம் மலையேறி வெகு நேரமாகியிருந்தது.

புதுவை_மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்புதல் கடிதத்தை இன்றே அனுப்பிவிட்டேன். கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன்: குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருக்கிறது, பிறப்புச் சான்றிதழிலோ தலைப்பெழுத்துதான் உண்டு. என்ன செய்வது?

வடக்கு_எல்லை

விசாவுக்கு முன்பே கடவுச்சீட்டில் குடும்பப் பெயரைச் சேர்க்க விண்ணப்பியுங்கள்; நேரம் எடுக்கும் என்பதால் இந்த வாரமே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவரின் முழுப்பெயரும் இருக்க வேண்டும். அதைத் திருத்தி வாங்கிய பிறகே நீதிமன்றத்தில் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்; வாடகை உதவிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த ஒரே தாளைத்தான் கேட்பார்கள்.