கலைச்சொல் தேவை: ‘கிளாவே’ (சோங்கோ கட்டுரைக்காக)

வணக்கம்.

கியூபத் தாளக் கலைஞர் ஹோசே லூயிஸ் கின்டானாவைப் பற்றிய கட்டுரை ஒரு சொல்லால் நிற்கிறது. சாங்கிட்டோ என்றால்தான் பலருக்கும் தெரியும். 1948 ஜனவரி 18 அன்று ஹவானாவில் பிறந்தவர். ஹுவான் ஃபோர்மெல் 1969 டிசம்பரில் தொடங்கிய ‘லோஸ் வான் வான்’ குழுவில் 1970இல் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ரும்பா எனும் கியூப நாட்டார் இசையில் கொங்காக்கள் (கையால் தட்டும் உயரமான முழவுகள்) பேசுவதை டிரம்ஸ் செட்டுக்கு மாற்றி, ராக், ஃபங்க் இசையின் அழுத்தத்தை அதனோடு சேர்த்து அவர் வளர்த்த வாசிப்புக்குச் சோங்கோ என்று பெயர்.

சிக்கல் ‘கிளாவே’யில். 16 மாத்திரையில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் ஐந்து அடி. அது பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். முன்பாதியில் மூன்று, பின்பாதியில் இரண்டு. ரும்பா வகையில் மூன்றாம் அடி மட்டும் 7இலிருந்து 8க்குத் தள்ளிப் போகும். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் சாவி (புதிரை அவிழ்க்கும் சாவி என்பதுபோல) என்று பொருள். என் பரிந்துரைகள்: திறவுத்தாளம், சாவித்தாளம். கருத்துச் சொல்லுங்கள்.

----

> திறவுத்தாளம், சாவித்தாளம்

ஐயா, ‘தாளம்’ ஒட்டாது. நமக்குத் தாளம் என்பது எண்ணிக்கைச் சுற்று. ஆதி தாளத்தைக் கையில் போடுகிறோம். மிருதங்கம் அதன்மேல் எதை வாசித்தாலும் தாளம் அதேதான். கிளாவே எண்ணிக்கை இல்லை. 3+3+4+2+4 என்று இடைவெளி விட்டு விழும் ஒரு அடிக்கோவை. முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுபோல் இருக்காது என்பதுதான் அதன் உயிர். பாட்டு, பியானோ, பேஸ் (கீழ்ஸ்தாயித் தந்திக் கருவி), குழல் எல்லாம் எந்தப் பாதி எது என்று தெரிந்து நடக்க வேண்டும்.

இடையில் ஒரு சொற்கட்டு ஒற்றைப்படை எண்ணிக்கையிலான பாதிகளில் அமைந்தால், கிளாவே நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, மெட்டு மட்டும் எதிர்ப்பாதியில் போய் உட்கார்ந்துவிடும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடறும். ஸ்பானியத்தில் இதைக் ‘குறுக்கே போனது’ என்பார்கள். நாம் ஆக்கும் சொல்லிலிருந்து இந்தப் பிழைக்கும் ஒரு சொல் பிறக்க வேண்டும். ‘சாவித்தாளம் குறுக்கே போனது’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

----

மேலே சொன்னதை முழுக்க ஏற்கிறேன். கட்டுரைக்கு இது ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே காட்டலாம்.

ஃபங்கில் பேஸ் டிரம் (காலால் இயக்கும் பெரிய முழவு) முதல் அடியில் ஊன்றும். ஸ்நேர் (சுள்ளென ஒலிக்கும் சிறு முழவு) 2, 4 எண்ணிக்கைகளில் விழும். ஒரு பாதிக்கு நான்கு எண்ணிக்கை, ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரை. இரண்டு பாதிகளிலும் அதே அச்சு. 16 மாத்திரையில் வைத்துப் பார்த்தால் ஸ்நேர் 3, 7, 11, 15 இடங்களில் வரும். இவற்றில் 7, 11 இரண்டும் கிளாவே அடிமேல் விழுகின்றன. 3, 15 விழுவதில்லை. ரும்பா வகையில் 11 ஒன்றுதான் பொருந்தும். நான்கையும் ஒரே பலத்தில் ஓங்கி அடித்தால் இரு பாதிகளும் ஒன்றுபோல் கேட்கும், கிளாவே காணாமல் போகும். ஃபங்க் வாசிப்பவர் கியூப இசைக்குள் வரும்போது முதலில் தடுக்குவது இங்கேதான்.

பேஸிலும் இதே மோதல். கியூபப் பேஸ் பெரும்பாலும் முதல் அடியை விட்டுவிடும்; ஒவ்வொரு பாதியிலும் 4ஆம், 7ஆம் மாத்திரைகளில்தான் விழும். 7இல் வாசிப்பது அடுத்த பகுதியின் ஸ்வரம், முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஃபங்க் பழக்கத்தில் முதல் அடியில் கனமாக ஊன்றினால் அந்த முன்னோட்டம் செத்துவிடும். சோங்கோவில் பேஸ் டிரம் 4ஆம் மாத்திரையைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கை மணியிலோ ஹை-ஹேட் எனும் இணைத் தட்டிலோ நடையைக் காக்கிறது. மற்றக் கை ஸ்நேரிலும் டாமிலும் கொங்காவைப் போலப் பேசுகிறது. சாங்கிட்டோவின் அருமை அந்த மற்றக் கையில்.

ஆகவே சொல் ‘எல்லாரையும் கட்டிவைப்பது’ என்ற பொருளைத் தர வேண்டும். சாவி அதைத் தராது.

----

அப்படியானால் அச்சாணி என்று வைக்கலாமே?

கிளாவே அடிக்கும் இரண்டு கட்டைகளுக்கும் அதே பெயர்தான். ஹவானாக் கப்பல் பட்டறைகளில் பலகை பிணைக்கப் பயன்பட்ட கடின மர ஆணிகளிலிருந்து அந்தக் கட்டைகள் வந்தன என்பது ஆய்வாளர் பெர்னாண்டோ ஒர்த்திஸின் விளக்கம். ஆணி என்ற பொருளை நம் சொல் தானாகவே தாங்கி நிற்கிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழி வேறு இருப்பதால், விளக்கக் குறிப்பு இல்லாமலே வாசகருக்குப் பொருள் போய்ச் சேரும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘இந்தப் பாட்டு 2-3 அச்சாணியில் (இரண்டடிப் பாதி முன்னே வரும் வகை) ஓடுகிறது.’ ‘குழல் நுழைந்த இடத்தில் அச்சாணி பிசகியது.’ இரண்டும் நாக்கில் நிற்கின்றன.

----

அச்சாணிக்கு என் வாக்கு. ஒரே ஒரு தடை: தேரில் அச்சாணி அசையாமல் இருப்பது, இது ஒலித்துக்கொண்டே இருப்பது. ஆனால் பல பாட்டுகளில் கிளாவேயை யாரும் அடிப்பதே இல்லை. வாசிப்பவர் மனத்தில் மட்டும் ஓடும். அதனால் பெரிய குறையாகத் தெரியவில்லை.

கட்டைகளுக்கு ‘அச்சாணிக் கட்டை’ வேண்டாம். கட்டை என்றால் நம் இசைக்காரர்களுக்குச் சுருதி நினைவுக்கு வரும். ‘அச்சாணிக் கோல்’ என்று வைப்போம். முதலில் வரும் இடத்தில் ‘கிளாவே எனும் அச்சாணி’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

கட்டுரையில் ஒரு வரி சேர்க்கவும்: 1981இல் போர்த்தோ ரிக்கோவின் பாத்தாகும்பேலே குழுவோடு ஹவானாவுக்கு வந்த ஜொவானி ஹிடால்கோ, சாங்கிட்டோவிடம் கற்றுப் போனார். சோங்கோ கியூபத் தீவுக்கு வெளியே பரவியதற்கு அது ஒரு வழி.

----

நன்றி. இப்படிப் பதிகிறேன்:

கிளாவே – அச்சாணி
கிளாவே கட்டைகள் – அச்சாணிக் கோல்கள்
மூன்றடிப் பாதி, ஈரடிப் பாதி
குறுக்கே போதல் – அச்சாணி பிசகல்

மூன்றடிப் பாதியின் இரண்டாம், மூன்றாம் அடிகளுக்குக் கியூபர்கள் போம்போ, போன்ச்சே என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். சோங்கோவின் பேஸ் டிரம்மை விளக்கப் போம்போ கட்டாயம் தேவை. ‘இரண்டாம் ஆணி’ என்று எழுதலாமா, அல்லது போம்போ என்றே விடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் திருத்திவிடுவேன்.