டபுள் எக்ஸ்போஷரில் முகம் சாம்பலாகிறது, ஸ்டூல் அழித்த படம் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது: உதவி தேவை

விஸ்காம் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். டிஜிட்டல் மீடியா பேப்பருக்கு மூன்று படம் செய்து தரணும், மூன்றுமே ஏ3 பிரிண்ட். ஃபோட்டோபீயில் (பிரவுசரில் ஓடும் எடிட்டர்) செய்கிறேன். லேப்டாப் 8 ஜிபி ரேம். படங்கள் எல்லாம் 12 மெகாபிக்சல் போனில் எடுத்தவை.

1. டபுள் எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்தின் மேல் இன்னொன்று. பக்கவாட்டு முகத்துக்குள் ஆலமரம். மரத்தை மேலே வைத்து ஸ்கிரீன் மோட் போட்டால் எல்லாம் சாம்பல் பூத்துப்போகிறது, இலையே எடுபடவில்லை. தலைக்கு வெளியிலும் மரம் லேசாக அழுக்கு மாதிரி தெரிகிறது.

2. அந்தரத்தில் படுத்திருக்கும் ஆள். படுக்க வைத்த ஸ்டூலை அழித்தாயிற்று. ஆனாலும் வெட்டி ஒட்டியது போலவே இருக்கிறது.

3. வகுப்பறைச் சுவர் முன் எடுத்த தோழியை மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன் நிறுத்துவது. கூந்தல் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது.

கூடவே, சோதனைக்குப் போட்ட பிரிண்ட் திரையில் தெரிவதைவிட இருட்டாக வருகிறது. எதை எங்கே சரிசெய்ய வேண்டும்?

லேயர்மாஸ்க்

தம்பி, முதல் படத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். கோளாறு மரத்தில் இல்லை, முகத்தில்தான்.

ஸ்கிரீன் மோட் எப்போதும் வெளுக்கத்தான் செய்யும், ஒருபோதும் இருட்டாக்காது. கணக்கு இதுதான் (0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை): இரண்டு படத்தின் மதிப்பையும் தனித்தனியே 255-இலிருந்து கழித்து, வந்த இரண்டையும் பெருக்கி, 255-ஆல் வகுத்து, அதை மறுபடி 255-இலிருந்து கழிக்க வேண்டும். உங்கள் முகத்தில் கன்னம் 150 என்று வையுங்கள். மரத்தில் இலை 40, வானம் 230. ஸ்கிரீன் போட்டால் இலை விழுந்த இடம் 166, வானம் விழுந்த இடம் 245. இடைவெளி வெறும் 79. அதே கன்னத்தை 30-க்கு இறக்கிவிட்டால் இலை 65, வானம் 233. இடைவெளி 168. இலை எடுபடுவதும் படாததும் இதில்தான் இருக்கிறது. ஃபிலிம் காலத்திலும் இதே விதிதான்: வெளிச்சம் படாத இடத்தில்தான் இரண்டாவது படம் பதியும். அதனால்தான் ஆளை வெளுத்த வானத்துக்கு எதிரே நிழலுருவமாக எடுத்தார்கள்.

செய்ய வேண்டியது: முகப் படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். லெவல்ஸ் (வெளிச்சம், இருட்டு அளவை மாற்றும் இடம்) திறந்து நடு ஸ்லைடரை 1.00-இலிருந்து 0.5 பக்கம் கொண்டுவாருங்கள், கன்னத்தின் நிழல் பக்கம் 20-க்கும் 40-க்கும் இடையில் வரும்வரை. ஐட்ராப்பரை வைத்து இன்ஃபோ பேனலில் எண்ணைப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். நெற்றியும் மூக்கு நுனியும் வெளிச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் முகமே தெரியட்டும்.

வெளியே தெரியும் அழுக்குக்குக் காரணம், உங்கள் பின்னணி வெள்ளை மாதிரி இருக்கிறதே தவிர வெள்ளை இல்லை. 235 இருந்தால்கூட இலை விழுந்த இடம் 238, வானம் விழுந்த இடம் 253 என்று பிரிந்து தெரியும். சரியாக 255 இருந்தால் மேலே எதை வைத்தாலும் வெள்ளைதான், தலையைக் கத்தரிக்கவே வேண்டாம். வெள்ளை ஸ்லைடரை இடப்பக்கம் இழுங்கள். அதற்கும் மசியாத மூலைகளில் டாட்ஜ் டூல், ரேஞ்ச் ஹைலைட்ஸ், எக்ஸ்போஷர் 15 சதவீதம், இரண்டு மூன்று முறை தடவுங்கள். முடி ஓரத்தைத் தொடாதீர்கள்.

பிறகு மரத்தின் லேயருக்கு ஒரு மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தில் லேயர் மறையும்). கறுப்பு நிறம், ஓரம் மென்மையான பிரஷ், ஃப்ளோ 20 சதவீதம். கண், மூக்குத் துவாரம், உதடு ஆகிய மூன்று இடத்திலும் மரத்தைக் கரையுங்கள். இந்த மூன்றும் தெரிந்தால்தான் பார்ப்பவருக்கு அது முகம். அடிமரம் கழுத்தில் இறங்கி, கிளைகள் பின்மண்டையில் விரிகிற மாதிரி திருப்பி வையுங்கள். ஆலமரம் என்றால் விழுதுகளைத் தாடை ஓரத்துக்குக் கொண்டுவரலாம், அழகாக உட்காரும்.

இருட்டறை

அந்தரத்தில் படுப்பது எடிட்டிங்கில் பாதிதான், மீதி எடுக்கும்போதே முடிந்துவிடும். போனை டிரைபாடில் வைத்து, ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ, ஷட்டர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் நான்கையும் பூட்டுங்கள். ஹெச்டிஆரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் போன் ஒவ்வொரு ஃபிரேமையும் தன் விருப்பத்துக்கு வெளுக்கும், காலி அறைப் படமும் ஆள் இருக்கும் படமும் ஒட்டாது. 2 விநாடி டைமர் போட்டால் விரல் படும் அதிர்வும் போகும்.

ஒட்டுப்போட்ட மாதிரி தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் நிழல். மாஸ்க்கில் ஸ்டூலை மறைக்கும்போது கீழே இருந்த நிழலையும் சேர்த்து மறைத்திருப்பீர்கள். காலி அறைப் படத்தில் அந்தத் தரை பளிச்சென்று இருக்கும். அதைச் சரிசெய்ய, காலித் தரைக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு புது லேயர் வைத்து மல்டிப்ளை மோடுக்கு (கீழே இருப்பதை இருட்டாக்கும்) மாற்றுங்கள். தூய கறுப்பு வேண்டாம், அதே அறையில் வேறொரு நிழலிலிருந்து நிறத்தை எடுத்து, உடம்பின் வடிவில் ஒரு திட்டு வரைந்து, காஸியன் பிளர் கொடுங்கள். 4000 பிக்சல் அகலப் படத்தில் 60 பிக்சலில் தொடங்கிப் பாருங்கள், ஒப்பாசிட்டி 35 சதவீதம் சுற்றி. ஆள் எவ்வளவு உயரத்தில் மிதக்கிறாரோ அவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும். ஓரம் கூர்மையாக இருந்தால் தரையில் கிடப்பது போல் ஆகிவிடும்.

இன்னொன்று பலரும் கவனிப்பதில்லை. ஸ்டூல் பலகை அழுத்திய இடத்தில் துணி தட்டையாகியிருக்கும், துப்பட்டா தொங்காமல் மடங்கிக் கிடக்கும். மிதக்கும் உடம்பில் அது நடக்காது. அதற்காக மூன்றாவதாக ஒரு ஃபிரேம் எடுங்கள்: அதே இடத்தில் துப்பட்டாவையும் கூந்தலையும் தொங்கவிட்டு, ஸ்டூலை இடுப்புப் பக்கம் தள்ளி. அதிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் மாஸ்க்கில் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே எடுத்த படத்தை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் முதுகுக் கோட்டை லிக்விஃபையில் சின்ன பிரஷ்ஷால் வளைத்துப் பாருங்கள். ஆனால் மறுபடி எடுப்பதுதான் வேகம்.

மூன்றாவது படத்தில் வெள்ளைக் கோடு, சுவர் நிறம் முடி ஓரத்துப் பிக்சல்களில் கலந்து வந்தது. மாஸ்க்கை 1 பிக்சல் சுருக்குங்கள். பிறகு ஆளின் லேயர் மேல் ஒரு புது லேயர் போட்டு, கிளிப்பிங் மாஸ்க்காகக் கட்டி (கீழ் லேயரின் எல்லைக்குள் மட்டும் தெரியும்), மல்டிப்ளை மோடில், முடியின் உள்பக்க நிறத்தை எடுத்து ஓரத்தை மட்டும் தடவுங்கள். முடி கறுப்பாக இருப்பதால் பத்து நிமிட வேலைதான்.

ஆனால் முடியைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னிதி கிழக்கே கடலைப் பார்த்தது. நிலப்பக்கம் நின்று காலையில் எடுத்த படம் என்றால் கோயிலுக்குப் பின்னால் வெயில், நம் பக்கம் நிழல். தோழியின் முகத்தில் வகுப்பறை ஜன்னல் வெளிச்சம் முன்னாலிருந்து அடித்தால் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் ஒட்டாது. மாலையில் அதே இடத்தில் எடுத்த கோயில் படம் இருந்தால் அதைப் போடுங்கள். அப்போது வெயில் முன்னாலிருந்து வரும். அடிவானக் கோட்டையும் பாருங்கள். இரண்டு படமும் கண் உயரத்தில் எடுத்தவை, நிற்கும் தரையும் சமம் என்றால் அடிவானம் தோழியின் கண் மட்டத்தில் வர வேண்டும், இடுப்பில் அல்ல.

விஸ்காம் தம்பி

நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். முகத்தை 30-க்கு இறக்கியதும் இலை பளிச்சென்று வந்துவிட்டது. கோயில் படம் காலையில் எடுத்ததுதான், மாற்றிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் கூட்டுப்படத்தின் வரலாறு அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஃபோட்டோஷாப்பிலிருந்து தொடங்கலாமா?

இருட்டறை

அங்கே தொடங்கினால் 137 வருடத்தை விட்டுவிடுவீர்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல், பதிப்பு 3.0-இல். இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857-லேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைப் பகுதி பகுதியாக அச்சிட்டு ஒரு பெரிய கூட்டுப்படம் செய்தார். ஒன்றை அச்சிடும்போது மற்ற இடத்தை மறைத்துவைப்பார்கள். நீங்கள் இன்று கறுப்பு பிரஷ்ஷால் செய்வது அதே மறைப்புத்தான். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களில் ஒரு படம் செய்தார். இந்த இரண்டையும் வைத்தே அரைப் பக்கம் நிரம்பும்.

பிரிண்ட் மேசை

பிரிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏ3 என்பது 297 × 420 மி.மீ. 300 பிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3508 × 4961 பிக்சல் வேண்டும். உங்கள் போன் படம் 4000 × 3000, நீளப் பக்கத்தில் 242 பிபிஐ கிடைக்கும். சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும், வீணாகப் பெரிதாக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் திரைதான் காரணம். லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் இருட்டான இடமும் தெளிவாகத் தெரியும், தாளில் அது மூழ்கிவிடும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். உங்கள் டபுள் எக்ஸ்போஷரில் 20-க்குக் கீழே கிடக்கும் பகுதி தாளில் ஒரே கறுப்பாகிவிடலாம், லேயர்மாஸ்க் சொன்ன 20 முதல் 40 வரம்பில் மேல்பக்கமாகவே இருங்கள். ஃபோட்டோ லேபுக்கு எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கொடுங்கள், நீங்களாக சிஎம்ஒய்கே-க்கு (அச்சு மைகளின் நிறமுறை) மாற்ற வேண்டாம். மூன்று படத்திலும் மிக இருட்டான பகுதியை வெட்டி ஒரே 4 × 6-இல் அடுக்கி முதலில் அதை மட்டும் போட்டுப் பாருங்கள், ஏ3 மூன்றும் வீணாகாது.

ரேம் பற்றி: ஏ3 அளவில் ஒரு முழு லேயர் 8 பிட்டில் சுமார் 70 எம்பி, 16 பிட்டில் இரட்டிப்பு. 8 பிட்டிலேயே வேலை செய்யுங்கள். வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் கடைசியில் 1 முதல் 2 சதவீதம் நாய்ஸ் சேர்த்தால் மறைந்துவிடும். பிரவுசர் டேப் மூடிக்கொண்டால் சேமிக்காதது போய்விடும், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பிஎஸ்டியை (லேயர்களோடு சேமிக்கும் கோப்பு) வேறு பெயரில் இறக்கி வையுங்கள். செய்முறையைக் காட்டு என்று வைவாவில் கேட்டால் அந்தக் கோப்புகளைத் திறந்து காட்டலாம்.