கப்பல் ஹொட்டல் வேலைக்கு நாலரை லட்சம் கட்டணுமா?

கொட்டகலை பையன்:
வணக்கம். ஓஎல் முடிச்சிருக்கேன். ஹவுஸ்கீப்பிங்ல என்விகியூ 3ங்கிற தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கு, நுவரெலியாவுல ஒரு ஹொட்டல்ல ரூம்போய் வேலை. பயணிகள் கப்பலுக்குப் போகணும்னு விசாரிச்சா ஒரு ஏஜென்சி நாலரை லட்சம் கேக்குது. விசா, பயிற்சி, "வேலை கன்ஃபர்ம்" எல்லாம் அதுக்குள்ளயாம். எனக்கு நீந்தத் தெரியாது. அப்பா பேர் பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, ஐடென்டிட்டியில வேற மாதிரி. எதுல இருந்து தொடங்கணும்?

கடல்காத்து:
தம்பி, காசு கட்டாதீங்க. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006ல இலங்கையும் சேர்ந்திருக்கு. அதுப்படி வேலை எடுத்துத் தர்றதுக்குன்னு ஆள்கிட்ட காசு வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சீடிசிங்கிற கடலோடிப் புத்தகம், மெடிக்கல் சான்றிதழ், இந்த மூணு செலவுதான் நம்ம தலையில. விசாச் செலவு கப்பல் முதலாளியோடது. "விசாவுக்கு"ன்னு ஒரு தொகை சொன்னாலே சந்தேகப்படுங்க.

பயிற்சிக் காசு வேற கணக்கு. எஸ்டிசிடபிள்யூ, அதாவது கடலோடிகளுக்கான சர்வதேசப் பயிற்சி விதிப்படி நடக்கிற கோர்ஸுக்கு, பயிற்சி நிலையத்துலயே நேராக் கட்டி, உங்க பேர்ல ரசீது வாங்குங்க. அதுவும் இன்டர்வியூவுக்கு முன்னாடியே வேணுமா, வேலைக் கடிதம் வந்த பிறகு போதுமான்னு கம்பனிக்குக் கம்பனி மாறும். கேக்காம முந்திக் கட்டாதீங்க.

ஏஜென்சியைச் சோதிக்க சுலபமான வழி, தலைகீழாத் தேடுறது. கப்பல் கம்பனியோட சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்துல இலங்கைக்கு யாரை ஏஜென்டாப் போட்டிருக்காங்கன்னு பாருங்க. அங்க இந்தப் பேர் இல்லாட்டி, கம்பனிக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. கொழும்புல வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துலயும் லைசன்ஸ் இருக்கான்னு விசாரிக்கலாம். அமெரிக்கத் துறைமுகத்துல ஏறுற கப்பல்னா சி1/டிங்கிற கப்பல் ஊழியர் விசா. அதுக்குக் கம்பனியோட வேலைக் கடிதம் வேணும், தூதரகத்துல இன்டர்வியூவுக்கு நீங்களே போகணும். "டூரிஸ்ட் விசாவுல போய் ஏறிக்கலாம்"னு ஒருத்தர் சொன்னா அதோட பேச்சை முடிச்சிடுங்க.

லைஃப்ஜாக்கெட்:
நீச்சலுக்குப் பயப்படத் தேவையில்ல, ஆனா சும்மாவும் போகாதீங்க. அடிப்படைப் பயிற்சி நாலு பகுதி: உயிர் தப்பும் முறை, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் பொறுப்பும். இதோட பாதுகாப்பு விழிப்புணர்வுன்னு ஒரு சின்னக் கோர்ஸும் கேப்பாங்க. முதல் பகுதியிலதான் தண்ணி வருது. லைஃப்ஜாக்கெட்டோட உயரத்துல இருந்து குதிக்கணும், அதைப் போட்டுக்கிட்டு நீந்தணும், கவிழ்ந்த ராஃப்டை, அதாவது காத்தடிச்ச உயிர்காப்பு மிதவையை நிமிர்த்தணும், தண்ணியில இருந்து அதுக்குள்ள ஏறணும். ஜாக்கெட் இல்லாம மிதந்தும் காட்டணும். வேகம், தூரம்னு எஸ்டிசிடபிள்யூ விதியில எதுவும் இல்ல.

நிறையப் பேர் தடுமாறுறது ராஃப்ட்லதான். கேஸ் சிலிண்டர் இருக்கிற பக்கம் ஏறி நின்னு, அடியில இருக்கிற பட்டியைப் பிடிச்சுப் பின்னால சாய்ஞ்சா அது அப்படியே உங்க மேலயே கவிழும். அந்த நேரம் பதறிக் குப்புறத் திரும்பினா ஜாக்கெட் உங்களை ராஃப்டோட அடியில ஒட்ட வச்சிடும். மல்லாந்தபடியே கையால தள்ளித் தள்ளி வெளிய வரணும். குதிக்கும்போது ஒரு கையால மூக்கையும் வாயையும் பொத்தி, மத்தக் கையால ஜாக்கெட்டைக் கீழ அழுத்திப் பிடிங்க. இல்லாட்டி அது மேல எகிறித் தாடையில அடிக்கும்.

அதுக்கு முன்னாடி மல்லாந்து மிதக்க மட்டுமாவது ஒரு பூல்ல, ஆள் வச்சுப் பழகுங்க. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் பக்கம் தயவுசெய்து இறங்காதீங்க. குளிரும் சேறும் ஆழமும் பழகுறவனுக்கான இடம் இல்ல.

பதுளை அக்கா:
தம்பி, எல்லாத்துக்கும் முன்னாடி பேரைச் சரி பண்ணுங்க. பாஸ்போர்ட், சீடிசி, கோர்ஸ் சான்றிதழ், விசா எல்லாத்துலயும் இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு விடாம ஒத்துப் போகணும். நம்ம தோட்டப் பக்கம் பதிவாளர் ஒரு மாதிரி, ஸ்கூல்ல ஒரு மாதிரி எழுதினது இங்கதான் மாட்டும். பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்துல திருத்துங்க, அப்புறம் கிராம சேவகர் மூலமா ஐடென்டிட்டி, கடைசியா பாஸ்போர்ட். தலைகீழாப் போனா ரெண்டு தடவை செலவு. பாஸ்போர்ட்ல பேரும் குடும்பப் பேரும் தனித்தனியா இருக்கான்னும் பாருங்க. ஒத்தைப் பேர்னா அமெரிக்க விசாவுல அது குடும்பப் பேரா விழுந்து, முதல் பேர் இடத்துல எஃப்என்யூ (முதல் பேர் தெரியாது)ன்னு அடிப்பாங்க. விசா செல்லும், ஆனா டிக்கெட்ல குழப்பம் வரும்.

ஸ்டேட்ரூம்:
ரூம்போய் அனுபவம் நல்ல முதல். இப்ப இருக்கிற ஹொட்டல்லயே தேதி, பதவி, ஒரு நாளைக்கு எத்தனை அறைன்னு போட்டு சர்வீஸ் லெட்டர் எடுத்து வைங்க. விலகின பிறகு அலைய வேண்டி வரும். இன்டர்வியூவுல நோரோவைரஸ்ங்கிற, வாந்தி வயித்தோட்டம் பரப்புற கிருமி பத்திக் கேக்க வாய்ப்பு அதிகம். வாந்தி எடுத்த அறைன்னா முதல்ல மேலதிகாரிக்குச் சொல்லணும், துடைச்ச துணியை மத்த அறைக்குக் கொண்டு போகக் கூடாது, ஆல்கஹோல் ஜெல்லை நம்பாம சோப்பும் தண்ணியும் போட்டுக் கை கழுவணும்.

ஒப்பந்தத்துல சம்பளம்னு போட்டிருக்கிறதுல நிச்சயமான தொகை எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. போற டிக்கெட் யார் செலவுன்னும் பாருங்க. லீவு நாள்னு தனியா எதிர்பார்க்காதீங்க. 24 மணி நேரத்துக்குள்ள 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளைக்கு 77 மணி நேரம், அதுதான் குறைஞ்ச அளவு.

கொட்டகலை பையன்:
ரொம்ப நன்றி. மெடிக்கலை இப்பவே எடுத்து வைக்கவா?

கடல்காத்து:
வேணாம். சான்றிதழ் கூடினா ரெண்டு வருஷம்தான் செல்லும், அதோட கம்பனிகள் தங்களோட ஃபோர்ம்ல, தாங்கள் சொல்ற டொக்டர்கிட்டதான் எடுக்கச் சொல்லும். இப்ப ஒரு சாதாரண பிரஷர், சீனிப் பரிசோதனை மட்டும் செஞ்சு பாருங்க. பல்லுல ஓட்டை இருந்தா அடைச்சிடுங்க, அதுக்காகவும் நிறுத்தி வைப்பாங்க.